வெள்ளி சொன்ன ஐம்பத்து மூன்று நிமிடங்கள்

கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா கேட்டார்:

"கோலார் மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னிக்குப் பதில் எழுதணும்மா. சரின்னு எழுதட்டுமா?"

மாப்பிள்ளைக்குத் தங்கவயலில் வேலை. போன ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்ததும் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து, மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார். குறை சொல்ல எதுவுமில்லை.

"சாயங்காலம் சொல்றேம்ப்பா" என்று கிளம்பிவிட்டேன்.

அன்று ஆய்வுக்கூடத்தில் என் பங்குக்கு வந்தது வெள்ளி வோல்ட்டாமீட்டர். பிளாட்டினக் கிண்ணத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசல். அதில் தொங்கும் ஒரு வெள்ளித் துண்டு. மின்சாரம் பாயப் பாயக் கிண்ணத்தின் உட்புறத்தில் வெள்ளி படியும். படிந்ததை நிறுத்தால் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று தெரிந்துவிடும். அரை மணி நேரம் ஓடவிட வேண்டும்.

சுவிட்சைப் போட்டேன். அம்மீட்டர் முள் அரை ஆம்பியரில் நின்றது. முதலில் கிண்ணத்தில் ஒரு மூட்டம். பிறகு பனி படிந்த புல்லைப் போல ஊசி ஊசியாக வெள்ளிப் படிகங்கள். ஜன்னல் வெயில் அவற்றில் பட்டு அசைந்தது. புல் வளரும் சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது. எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன்.

"இன்னும் நிறுத்தலையா கணே?" பக்கத்து மேசைக் கன்னடத் தோழி தோளைத் தொட்டாள். நாம் 'அடியே' என்பதற்கு அவள் பாஷையில் 'கணே'.

சுவிட்சை அணைத்தேன். ஆரம்பித்த நேரத்தைக் குறிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏன் முழிக்கிற? முள்ளு அரையிலேயே நின்னுச்சு இல்ல? வெள்ளியை நிறுத்துப் பாரு, நேரம் தானா வரும்."

கிண்ணத்தைக் கழுவி, உலர்த்தி, தராசில் வைத்தேன். வெள்ளி ஒன்றே முக்கால் கிராமுக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் ஐம்பத்து மூன்று நிமிடம். அத்தனை நேரத்தில் அந்தக் கோலார்க்காரரின் முகம் ஒரு தடவைகூட என் நினைவில் வரவில்லை.

சாயங்காலம் அதையே அப்பாவிடம் சொன்னேன்.

"பையனைப் பிடிக்கலையாம்மா?"

"பிடிக்காம இல்லப்பா. நினைப்பே வரல. நான் மேல படிக்கிறேன்."

அப்பா பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். பிறகு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஜூன் மாதம் மேற்படிப்பில் சேரப் புறப்பட்டபோது அவளே என் தலையைப் பின்னிவிட்டாள். பின்னல் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.