மன்னாரில் மாமா வைத்த நிலை

மரியலூர்து மாமா என் அக்கா சவரிமேரியின் வீட்டுக்காரர். கடலூர் முதுநகரில் வந்து மரியலூர்து வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். மேஸ்திரி வீடு என்றால் வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவருக்குக் கொத்தனார் வேலை. எனக்கு சென்ட்ரிங் வேலை, அதாவது காங்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகையும் முட்டும் அடித்துக் கொடுப்பவன். மீசை முளைக்காத வயதிலிருந்து அவர் பின்னால்தான் வேலைக்குப் போனேன்; கொத்து வேலையும் அவரிடமே பழகிக்கொண்டேன்.

வேலை நடக்கும்போது அவர் வாய் சும்மா இருக்காது.

"மச்சான், உன் பலக நேரா இருந்தாத்தான்டா என் தளம் நேரா இருக்கும். உன் மூஞ்சி மாதிரி கோணலா அடிச்சி வச்சிட்டுப் போயிட்டீன்னா, வீட்டுக்காரன் என்னத்தான ஒதைப்பான்?"

"இந்த மூஞ்சிய ஒதச்சாலும் ஒண்ணும் ஆவாது மாமா. ஏற்கெனவே அப்பிடித்தான இருக்குது" என்பேன் நான். சித்தாள் பெண்கள் பாண்டுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அதற்கும் ஒரு அதட்டல் போடுவார்.

சிப்காட்டில் சுற்றுச்சுவர், கம்மாபுரத்தில் வீடுகள், கீரப்பாளையத்தில் நெல் குடோன் என்று இந்தப் பக்கத்தில் அவர் கை படாத ஊர் குறைவு. எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துப் போகிற மனிதர், வாசல் நிலை வைப்பதில் மட்டும் கறார். எங்கள் பக்கத்தில் அது ஒரு சடங்கு. நாங்கள் வேதக்காரர்கள்தான், இருந்தாலும் அதை விட்டுவிடவில்லை. இந்து வீடு என்றால் நவதானியமும் காசும் போட்டு நிலையை நிறுத்துவார்கள். எங்கள் வீடு என்றால் மாதா சுரூபம், அதாவது சின்னப் பதக்கம், ஒன்றை அடியில் வைத்து, சாமியார் தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி நிறுத்துவோம். எந்த வீடாக இருந்தாலும் தலைமை மேஸ்திரியின் கைதான் நிலையில் முதலில் பட வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்காரன், வருஷம் திரும்புகிறவரை, அதைத் தொடவே கூடாது. தொட்டால் அவன் துக்கம் புது வீட்டுக்குள் போய்விடும் என்பது பேச்சு. மாமாவுக்கு அது வெறும் பேச்சு இல்லை. அவருடைய அப்பா தவறிய வருஷம் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வேறு மேஸ்திரியைக் கூட்டி வந்து செய்துகொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு பையன், ஒரு பெண். பெண் சகாய பிரியா சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிறாள். பையன் ஆரோக்கிய ஜெகன், படிப்பு ஏறாமல் அப்பாவோடு வேலைக்கு வந்து, நல்ல கொத்தனாராகவே ஆகிவிட்டான். சாம்பல் புதன் கழிந்த மறுநாள் கீரப்பாளையத்தில் வேலை. மாமாவும் நானும் பஸ்ஸில் முன்னால் போய்விட்டோம். ஜெகன் பைக்கில் வந்தான். சம்பா அறுவடை முடிகிற நேரம். அறுப்பு மெஷினை ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று திருப்பத்தில் அவன் மேல் ஏறிவிட்டது. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடி வைத்திருந்தார்கள்.

மாமா அழவில்லை. அடக்கத்தின்போதும் அழவில்லை. அன்றைக்குக் கீழே வைத்த கொத்துக் கரண்டியை அப்புறம் எடுக்கவும் இல்லை. ஒத்துக்கொண்ட வேலைகளை நானும் மற்றவர்களும் முடித்துக் கொடுத்தோம். ஈஸ்டர் போய்க் கத்திரி வெயிலும் வந்துவிட்டது. ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னாள்.

"சாப்புடுன்னா சாப்புடறாரு. படுன்னா படுக்கறாரு. கல்லு மாதிரி கெடக்கறாருடா. அந்தக் கரண்டிய ஒரு வாட்டி கையில எடுத்துட்டாருன்னா போதும், மனுஷன் பொழச்சிக்குவாரு. வேற ஒண்ணும் நான் கேக்கல."

அந்தச் சமயத்தில்தான் பங்குச் சாமியார் கோயிலில் அறிவித்தார். இலங்கையில் மன்னார் பக்கம் கார்த்திகை மாத வெள்ளத்தில் வீடுகள் போய்விட்டன, இந்தக் கோடையில் ஞானப்பணியாகப் போய் வீடு கட்டிக் கொடுக்கலாம், வேலை தெரிந்த கைகள் வேண்டும் என்றார். அக்கா வீட்டுக்கு வந்துகூடச் சொல்லவில்லை. பூசை முடிந்ததும் நேரே போய், தன் பேர், மாமா பேர், பிரியா பேர், என் பேர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள்.

"என்ன ஒரு வார்த்த கேட்டியாக்கா?" என்றேன்.

"உன்ன எதுக்குடா கேக்கணும்? இங்க என்ன, கலெக்டர் வேலயா பாத்துக்கினு இருக்க?"

அக்கா பை எடுத்து வைத்தாள், மாமா கூட வந்தார். சாமியாரோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போனோம். கப்பலில் வைத்து அக்கா எங்களிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"வீடு கட்டப் போற எடத்துல நம்ம சாவ வாயில எடுக்கக் கூடாது. அவுங்களே நொந்து போயிருப்பாங்க. அபசகுனமாப் போயிடும்."

சரிதான் என்று எங்களுக்குப் பட்டது. அந்தச் சத்தியம்தான் பிறகு எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

எங்களுக்கு ஒதுக்கிய வீடு சந்திரலேகா என்கிற அம்மாவுடையது. நாற்பது வயது இருக்கலாம். புருஷன் சுப்பிரமணியனையும் ஒரே மகளையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இந்துக் குடும்பம், சாமியார் அதையெல்லாம் பார்க்கவில்லை. பழைய வீடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டுத் தங்கியிருந்தாள். எங்களுக்கு மத்தியானம் சோறும் மீன் குழம்பும் அவள்தான். அக்காவும் அவளும் பழகிவிட்டார்கள். குழம்பில் அவள் தேங்காய்ப்பால் ஊற்றுவதை அக்காவால் தாங்க முடியவில்லை.

"மீன் கொழம்புல போயி பாயாசம் காச்சறீங்களேம்மா!"

"உங்கட குழம்பு குடிச்சால் எனக்கு வயிறு எரியுது அக்கா. நீங்கள் குழம்பு வைக்கிறியளோ, புளியங்கொட்டை அவிக்கிறியளோ?"

மாமா அங்கேயும் கரண்டியைத் தொடவில்லை. மணல் சலித்தார், கலவை போட்டார், கல் சுமந்தார். தலைமை மேஸ்திரியாக இருந்தவர் சித்தாள் வேலை பார்த்தார். சுவரை நானும் அந்த ஊர் ஆட்கள் இரண்டு பேரும் எழுப்பினோம். அக்கா தினமும் சாயங்காலம் அவர் கையைப் பார்ப்பாள். சிமென்ட் இருக்கும். கரண்டி பிடித்த தடம் இருக்காது.

நிலை வைக்கும் நாள் வந்தது. சந்திரலேகா குளித்து, ஒரு பிடி நெல்லும் மஞ்சளும் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தாள். முந்தின நாள் பிரியா பேச்சோடு பேச்சாக, தன் அப்பாதான் மேஸ்திரி, நான் அவரிடம் தொழில் கற்றவன் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் சந்திரலேகா என்னிடம் வராமல் நேரே மாமாவிடம் போனாள்.

"அண்ணை, நீங்கள்தான் பெரிய மேசனாம். பிள்ளை சொன்னவ. எங்கட நிலையை நீங்கள்தான் வைக்கோணும்."

மாமா தலையைத் தூக்கவில்லை. "நான் வெக்கக் கூடாதும்மா. மச்சான் வெப்பான்."

"ஏன் அண்ணை?"

அவர் பாண்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு மணல் குவியல் பக்கம் போய்விட்டார்.

நான் சமாளிக்கப் பார்த்தேன். "அவுருக்குக் கை வலிம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"விடியத்தொட்டு கல்லுச் சுமக்கிற கை, நிலை பிடிக்க நோகுதோ?" என்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கு விளங்குது. புருசனையும் பிள்ளையையும் தண்ணிக்குக் குடுத்தவள். இவளின்ர வாசலில கை வைச்சால் தனக்கும் ஏதும் ஒட்டிடும் எண்டு பயப்பிடுறார். சரி. எனக்கு இந்த வீடு வேண்டாம். வேற ஆருக்கும் குடுங்கோ. நான் கொட்டிலிலேயே கிடக்கிறன்."

சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். சாமியார் போய்க் கூப்பிட்டார். திறக்கவில்லை. பாதி எழும்பிய ஒரு வீட்டை நடுவில் விட்டுவிட்டு, கடன்காரர்கள் மாதிரி நாங்கள் வெயிலில் நின்றோம். எனக்கு மாமா மேல்தான் கோபம் வந்தது. கல்லைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

கடைசியில் அக்காதான் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எங்களிடம் வாங்கிய சத்தியத்தை அவளே உடைத்தாள். என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு பொம்பளைகள் அழுகிற சத்தம் வந்தது. பிரியா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்திரலேகா வெளியே வந்தாள். நேரே மணல் குவியலுக்குப் போனாள். மாமா சல்லடையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணை, உங்கட மகனுக்கு என்ன வயசு?"

சல்லடை நின்றது. "இருவத்தி நாலு."

"என்ர மகளுக்குப் பன்னிரண்டு."

அவள் பக்கத்து வீடுகள் பக்கம் கையைக் காட்டினாள். "இந்த ஊரில வருசம் திரும்பின வீடு எது அண்ணை? அந்தா, அதில தாயும் தகப்பனும் போயிட்டினம். அடுத்ததில கைக்குழந்தை. துக்கம் இல்லாத கைதான் வேணுமெண்டால் கொழும்பில இருந்து ஆள் எடுக்கோணும். எங்களைத் தெரியாதவன் வந்து வைச்சிட்டுப் போற வாசலுக்குள்ள நான் என்னெண்டு நுழையிறது?"

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும்மா."

"இனி எனக்கு ஆக என்ன இருக்கு?"

மாமா சல்லடையைச் சாய்த்து வைத்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என் பக்கம் கையை நீட்டினார். கரண்டியைக் கொடுத்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் நெல்லைப் போட்டாள். அக்கா தன் கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைக் கழற்றி, "இதையும் வெக்கலாமா?" என்று கேட்டாள். "வையுங்கோ, அவவும் பிள்ளையைக் குடுத்தவதானே" என்றாள் சந்திரலேகா. சாமியார் சின்னதாகச் செபம் சொன்னார். மாமா கலவையை அள்ளிப் போட்டு இழுத்தார். அதே இழுப்பு. மூன்று மாதமாகத் தொடாத கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. நேர் பார்க்கிற குண்டு நூலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வேப்பமரத்து நிலை, நல்ல கனம். ஒரு பக்கக் காலை அவர் பிடித்தார். குனிந்தபடியே, திரும்பாமல், குரல் கொடுத்தார்.

"ஜெகா, அந்தப் பக்கம் தூக்குடா."

யாரும் அசையவில்லை. அந்தப் பேரை அவர் வாயால் அடக்கத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டோம்.

பிரியாதான் போனாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தப் பக்கக் காலைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள். அவள் கனத்துக்கு அது அதிகம். "தூக்கிட்டேம்பா" என்றாள்.

மாமா நிமிரவில்லை. "உன் பக்கம் கொஞ்சம். இன்னுங் கொஞ்சம். போதும்." நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஆப்பு அடித்தார். கலவையை வைத்து அடைத்தார். வேலையை முழுசாக முடித்துவிட்டுத்தான் கரண்டியைக் கீழே வைத்தார். அப்புறம் அந்த வாசலிலேயே உட்கார்ந்து, தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சந்திரலேகா எதிரில் உட்கார்ந்து தன் மகள் பேரைச் சொல்லி அழுதாள். சாமியார் திரும்பி நின்றுகொண்டார். விடலாம் என்று யாரும் சொல்லாததால் பிரியா அந்த நிலையைப் பிடித்தபடியே நின்றாள்.

நாங்கள் கிளம்புவதற்கு முன் சந்திரலேகா பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டாள். திரும்பி வரும் கப்பலில் அக்காவின் முகமே வேறு. "பாத்தியாடா, கரண்டிய எடுத்துட்டாரு. அழுதுட்டாரு. இனிமே பொழச்சிக்குவாரு" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஊருக்கு வந்ததும் சிதம்பரத்தில், ரயிலடிப் பக்கம், மாடியில் ஒரு ரூம் கட்டும் வேலையை மாமாவையும் சேர்த்துத்தான் ஒத்துக்கொண்டேன். சொன்னதும் வந்தார். தலைப்பாகை கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினார். கல் வைத்தார். இரண்டு வரிசை நன்றாக ஏறியது. வீட்டுக்கார அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மேலேயிருந்து சத்தம் கேட்டது.

"ஜெகா, கலவ குடுடா."

கலவை கொண்டுபோன சித்தாள் கலைமணி அப்படியே நின்றுவிட்டாள். மாமா கையை நீட்டியபடி திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு சாரத்திலிருந்து ஒவ்வொரு கம்பாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"வெயிலு மாமா. கொஞ்சம் ஒக்காந்துட்டு ஏறிக்கலாம்" என்றேன்.

"இல்ல மச்சான்." கரண்டியை என் கையில் வைத்தார். "சும்மா கெடந்தப்போ அவன் பேரு வரல. இதத் தொட்டா வருது. கூப்புட்டுட்டு, திரும்பிப் பாக்க வேண்டியிருக்குது. அந்தத் திரும்பிப் பாக்கறது இருக்கு பாரு, அது என்னால முடியலடா."

அவ்வளவுதான் சொன்னார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். இப்போது கடலூரில் ஒரு மர டிப்போவுக்கு வாட்ச்மேனாக இருக்கிறார். சந்திரலேகா என் அக்காவோடு போனில் பேசும்போது அவரையும் கேட்பாள்; அவர் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொள்வார், பேச மாட்டார். அவள் வீட்டு நிலைதான் அவர் கடைசியாக வைத்தது. சிதம்பரத்து மாடிச் சுவரை மறுநாள் நான் வேறு ஆள் வைத்து முடித்தேன். அப்புறம் எந்த வேலைக்கும் அவரைக் கூப்பிடவில்லை.