முப்பத்தோராம் பக்கம்

ஷஹர்பானு எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் சேலம் கோட்டைப் பகுதியில், வீட்டு மாடி அறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு ஆறு வருடமாகப் பதிப்பகம் நடத்துகிறாள். வருடத்துக்கு நான்கு புத்தகம், ஒவ்வொன்றும் நூறு பிரதி. கதை எழுதுகிறவளும் அவள்தான், பிறர் எழுதியதைத் தட்டச்சு செய்து பிழை திருத்துகிறவளும் அவள்தான். தன்னைப் போல் படிப்பை நடுவில் விட்ட பெண்களின் எழுத்தைத்தான் போடுவாள்.

பரமத்தி வேலூர் பொன்னாயியின் நோட்டு அப்படித்தான் வந்தது. வெற்றிலைக் கொடிக்காலில் நாற்பது வருடம் இலை கிள்ளியவர். பிறந்து இருபது நாளான குழந்தையைப் பறிகொடுத்து, மூன்றாம் நாளே வேலைக்குப் போனதை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். நூறு நூறு இலையாகக் கவுளி அடுக்கும்போது மாரில் பால் கசிந்து வெற்றிலைமேல் சொட்டியிருக்கிறது. யாரும் பார்க்குமுன் அந்த இலைகளை வாய்க்காலில் அலசி, மற்ற இலைகளோடு வைத்துவிட்டார். 'எந்தக் கல்யாணத் தட்டுக்குப் போச்சோ' என்று முடித்திருந்தார்.

ஷஹர்பானு அழுதாள். அழுதுவிட்டு நோட்டை அலமாரியில் வைத்தாள். புத்தகக் கண்காட்சிக்குத் தன் கதைத் தொகுப்பு முதலில் வரட்டும் என்று நினைத்தாள். இரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்தத் தொகுப்பில் ஒரு பூக்காரி வருகிறாள். குழந்தையைப் பறிகொடுத்தவள். பால் சொட்டிய மல்லிகையை அலசிக் கட்டிக் கல்யாண வீட்டுக்கு அனுப்புகிறாள். படித்தவர்களெல்லாம் அந்த இடத்தைத்தான் பாராட்டினார்கள்.

இந்த ஆடியில் பொன்னாயியின் நோட்டைத் தட்டச்சு செய்தபோது முப்பத்தோராம் பக்கத்தில் கை நின்றது. தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். தெரியாமல் வந்ததென்றால் வெற்றிலையை ஏன் பூவாக மாற்றினாய் என்று உள்ளே ஒன்று கேட்டது.

திருத்துவதற்கான தாள்களை எழுதியவருக்கு அனுப்பும்போது, மடங்காமலிருக்க அடியில் ஒரு புத்தகத்தை வைத்துக் கட்டுவது அவள் வழக்கம். அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். கணவர் பரக்கத் அலி பார்சல் கட்டி அனுப்பிவிட்டு வந்தார்.

"அடியில எந்தப் புஸ்தகத்த வச்சீங்க?"

"உன்னோடதத்தான். நூறுல அறுவது கட்டிலுக்கடியில தூங்குது. ஒரு ஆளாவது படிக்கட்டுமேன்னுதான்!"

அவர் சிரித்தார். அவளுக்குக் காய்ச்சல் ஏறியது போலிருந்தது.

பத்து நாள் கழித்துத் தாள்களை வாங்க அவளே பரமத்தி வேலூருக்குப் பஸ் ஏறினாள். பொன்னாயி வாசலில் உட்கார்ந்து இலை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா சாமி. ஊட்டுக்குள்ள வா. என்ன, இப்பிடி எளைச்சுப் போயிட்டே? ஊட்டுக்காரரு சோறு போடறதில்லியா?"

தாள்களை எடுத்து நீட்டினார். முப்பத்தோராம் பக்கம் முழுக்கப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். இவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"இத எடுத்துரு சாமி," என்றார் பொன்னாயி. "உம் புஸ்தகத்துல அந்தப் பூக்காரி வாராளே, அவளப் படிச்சேன். நாலு நாளா அதையேதான் படிக்கறேன். எனக்கு மட்டுந்தான் இப்பிடியொரு கருமம் நடந்துச்சுன்னு முப்பத்தஞ்சு வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன். எம் மகளுக்குக்கூடச் சொன்னதில்ல. இன்னொருத்திக்கும் நடந்திருக்குதுன்னதும் நெஞ்சு லேசாயிருச்சு. அவ எந்தூரு? நீதான் நல்லா எழுதிப்போட்டியே, என்னுது எதுக்கு? பாத்து எழுதுனேன்னு சொல்லுவாங்க."

சும்மா இருந்துவிடலாம். அந்த ஒரு பக்கம் போனால் தன் கதைமேல் யாரும் கைவைக்க முடியாது. இவருக்கும் ஒரு துணை கிடைத்த நிம்மதி இருக்கும். அதை எடுக்க நான் யார்? இப்படியெல்லாம் தோன்றியது. தனக்கு வசதியான நியாயமாகவே தோன்றுகிறது என்பதும் தெரிந்தது.

"அக்கா, அது நீங்கதாங்க."

"என்ன சாமி?"

"உங்க நோட்டப் படிச்சுட்டுத்தான் எழுதுனேன். வெத்தலைய மாத்திப் பூன்னு போட்டுட்டேன்."

பொன்னாயியின் கை நிற்கவில்லை. அந்தக் கவுளியை முடித்து, வாழை நாரால் கட்டிக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தப் பூக்காரின்னு ஆருமே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நா ஒருத்திதானா."

தன் தொகுப்பிலிருந்து அந்தக் கதையை எடுத்துவிடுவதாக, எடுத்த காரணத்தை அச்சிலேயே சொல்லிவிடுவதாக ஷஹர்பானு தட்டுத் தடுமாறிச் சொன்னாள். பொன்னாயி அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. "எம் பக்கம் இருக்கட்டுங்க. அந்தக் கோட்ட அழிச்சுருங்க" என்று மட்டும் சொன்னார். இவ்வளவு நாளும் 'நீ, வா, போ' என்று பேசியவர்.

முன்பு இரண்டு முறை வந்தபோதும் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்து, ஜன்னலோர இடம் பிடித்துக்கொடுத்துப் போனவர். இந்த முறை எழுந்து உள்ளே போய், அந்தக் கதைப் புத்தகத்தை எடுத்துவந்து தாள்களின்மேல் வைத்தார்.

"இதையும் கொண்டுட்டுப் போயிருங்க."

நாமக்கல் தாண்டும்வரை ஷஹர்பானு புத்தகத்தைப் பிரிக்கவில்லை. பிரித்தபோது, பூக்காரி வரும் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த ஒரு வெற்றிலை காய்ந்து கிடந்தது.