எஞ்சின்காரர் அந்தோனிமுத்துவும் என் பத்து ஏக்கரும்

வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிரே காசிம் நானாவின் கடையில் நின்று, எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில், கொழுந்து உருட்டும் ரோலர் மெஷின் சரிந்தபோது நான் ஒருவனாகத் தோள் கொடுத்துத் தாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோட்டத்து லொறி டிரைவர் செல்வராசு வந்து பக்கத்தில் நின்றான். கதை முடியும்வரை வாய் திறக்கவில்லை. முடிந்த பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மாமா, எஞ்சின் அந்தோனி மாமா காலையில தவறிட்டாருங்க."

"அடப்பாவி, இத ஏண்டா மொதல்லயே சொல்லல?"

"நீங்க ரோலரத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு இருந்தீங்களே மாமா, எறக்கி வையுங்கன்னு எப்படிச் சொல்றது?"

நானா ரேடியோவை நிறுத்தினார். நான் அவர் கடைச் சாக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்தவன்தான், அடுத்த ரயில் வந்து போகும்வரை எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு ஐயாயிரம் பேர் வந்தார்கள். பங்குச் சாமியார் ஐந்நூறு என்கிறார். அவர் மாதா கோயில் வாசலில் நின்று பார்த்தவர், ரோட்டின் கடைசி வளைவில் நின்றவர்களை அவருக்குத் தெரியாது. அந்தோனிமுத்துவை அறிந்தவர்களுக்கு என் கணக்குத்தான் சரியென்று படும்.

அவர் எங்கள் ஸ்டோரின் எஞ்சின் டிரைவர். ஹட்டன் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். நான் நாலாவது; ஆனால் என் நாலாவது அந்தக் காலத்து நாலாவது. ரோலருக்கு நான், எஞ்சினுக்கு அவர். பகல் சாப்பாட்டு நேரத்தில் எஞ்சின் ரூமில் உட்கார்ந்து ஏதாவது சரித்திரப் புத்தகம் படிப்பார். கை முழுக்க எண்ணெய், அதனால் ஒரு தேயிலைக் குச்சியால்தான் பக்கத்தைத் தள்ளுவார். பிரான்ஸ் தேசத்து ராஜாவை ஜனங்கள் இறக்கியது, இங்கிலாந்தில் நீராவி எஞ்சின் வந்து கிராமங்களைக் காலி பண்ணியது, எல்லாம் நான் அங்கே கேட்டதுதான். பிறகு அவற்றை நான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சொல்லும்போது ராஜாவின் கோட்டைக்கு இரண்டு மாடி கூடியிருக்கலாம். அதற்கு அவர் பொறுப்பல்ல.

ஒருநாள் சொன்னார்: "ராஜா இருந்தப்ப நீ யாருக்குக் கீழ இருக்கன்னு கேட்டான். ராஜா போனப்புறம் நீ யாரோட இருக்கன்னு கேக்குறான். இது நல்ல கேள்விடா மச்சான்."

"அதுல எஞ்சின் எங்க வந்துச்சு?"

"எஞ்சின்தான் ஆளுகள ஊர விட்டுக் கெளப்பி ஒரே எடத்துல சேத்துச்சு. ஒரே ஆலைச் சங்குக்கு எழும்புறவன் எல்லாம் நாம ஒரே ஆளுகன்னு அங்கதான் கண்டுக்கிட்டான். அதுக்கு மேலதான் நாடுன்னு ஒண்ணக் கட்டினாங்க."

"பெரிய தொரையும் நம்ம சங்குக்குத்தானே எழும்புறாரு. அவரும் நம்ம ஆளா?"

"அவரு சங்க ஊதச் சொல்ற ஆளு."

இந்தப் பேச்செல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இலங்கை நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. கொஞ்ச காலத்தில், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஜனங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் அல்ல, வேண்டுமானால் மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும் என்று சட்டமும் வந்தது. மனு தள்ளுபடியானால் நாளைக்கு நானும் ராமாயியும் மூன்று பிள்ளைகளும் எங்கே நிற்போம் என்று யாருக்கும் தெரியாது. லயத்தில் பாதிப் பேருக்கு அந்தோனிமுத்துதான் மனு எழுதினார். எனக்கும் எழுதினார். விசாரணைக்குப் புறப்படும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

நுவரெலியாவில் விசாரணை. இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அதிகாரி சிங்களவர், நல்ல மனிதர். தமிழில் கேட்டுச் சொல்ல யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். எத்தனை வருஷமாக இங்கே, பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்பதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னேன். பிறகு இந்தியாவில் சொத்து ஏதும் உண்டா என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் லயங்களில் இந்தியாவில் காணி இல்லாத ஆள் அந்நாளில் ஒருவரும் கிடையாது. பெண் கேட்கப் போனால் முதல் பேச்சே அதுதான். முசிறிப் பக்கம் மூன்று ஏக்கர், துறையூர்ப் பக்கம் தோப்பு என்று எல்லோரும் சொல்வோம். யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை. அதைச் சொல்லாதவனை ஆளாகவே மதிக்க மாட்டார்கள். நானோ கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய அதிகாரி முன்னால் நிற்கிறேன். ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

"பத்து ஏக்கர் நஞ்சைங்க. ரெண்டு கெணறு. ஓட்டு வீடு ஒண்ணு."

யாழ்ப்பாணத்து ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கை இவ்வளவு சொத்து இருக்கெண்டால், நீர் ஏன் இஞ்சை கிடந்து கஷ்டப்படுறீர்?"

"சும்மா ஒரு பொழுதுபோக்குக்குத்தாங்க."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் வெற்றியோடு திரும்பி வந்து, நேரே எஞ்சின் ரூமுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்தோனிமுத்து துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"மச்சான், நீ ஒம் பொண்டாட்டி புள்ளைகளக் கப்பல்ல ஏத்திட்டு வந்திருக்க."

"என்ன சொல்ற?"

"அங்க காணியும் வீடும் வச்சிருக்கிறவன், இங்கயே இருக்கப்போறேன்னா எவன் நம்புவான்? நாளைக்குப் போயிருவான்னு எழுதி மூடிருவான்."

அவர் என்னைத் திட்டவில்லை. அன்றைக்கே, இவரை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினார். மறுவிசாரணைக்கு அழைப்பு வந்தபோது லீவு போட்டுவிட்டு, என்னையும் ராமாயியையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே நடந்தது போல் உலகத்தில் எந்த அரசாங்கக் கச்சேரியிலும் நடந்திருக்காது. என்னைக் காப்பாற்ற, நான் பொய்யன் என்று இரண்டு பேர் சத்தியம் பண்ணினார்கள். முதலில் ராமாயி.

"கல்யாணம் பேசுறப்ப மூணு ஏக்கர்ன்னாருங்க. மூத்தவன் பொறந்தப்ப அஞ்சு ஆச்சு. இப்பப் பத்து. உழாமலே வளருதுங்க."

யாழ்ப்பாணத்து ஐயா அதை மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து அந்தோனிமுத்து எழுந்தார். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, இவரு சொல்ற பொய்யெல்லாம் இந்தத் தோட்டத்துல வெளஞ்சதுங்க. கேக்குற ஆளுக எல்லாரும் இங்கதான் இருக்காங்க. இந்தியாவுல இவருக்கு ஒரு பொய் சொல்லக்கூட ஆள் கெடையாது. இவரு எந்த நாட்டுக்காரர்ன்னு நீங்களே சொல்லுங்க."

அதிகாரி என்னைப் பார்த்து, உண்மையா என்று தமிழிலேயே கேட்டார். பெண்டாட்டி முன்னால், என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன்: "ஒரு சாண் நெலங்கூட இல்லீங்க."

மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். தலவாக்கலை தாண்டிய பிறகு ராமாயி, "அந்த ரெண்டு கெணத்தையாவது விட்டு வச்சிருக்கலாம்" என்றாள். அந்தோனிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. தகப்பனாரின் கடைசிக் காலத்தில் இந்தியா போய்ப் பதினாலு மாதம் கூட இருந்து பார்த்தவர் அவர். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். "பத்து மாசம்ன்னு சொல்லித் தொலையேன்" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை, பதினாலு என்றே சொன்னார். மனு தள்ளுபடி என்று கடிதம் வந்த அன்று அவரைவிட நான்தான் அதிகம் கத்தினேன்.

"இது ஒரு நாடா?" என்றேன்.

"வாட்டத்துக்குப் போட்ட பச்சக் கொழுந்தப் பாத்து தேத்தண்ணிச் சாயம் இல்லங்கிறியே மச்சான். இன்னும் ரோலர் இருக்கு, அடுப்பு இருக்கு. அந்தப் பிரான்ஸ்காரன் ராஜாவ எறக்கின மறுநாளே எல்லாருக்கும் ஓட்டுக் குடுத்துட்டானா? மெல்ல மெல்லத்தான் குடுத்தான். கேட்டுக்கிட்டே இருந்தாங்க, குடுத்தான்."

ஓட்டுப் போடும் நாட்களில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு வருவார். வாசல் கேட்டுக்கு வெளியே நிற்பார். நான் போட்டுவிட்டு வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். அங்கே இருந்தது ஒரு மேசை, ஒரு பெட்டி. நான் அரைமணி நேரம் வர்ணிப்பேன். இடையில் மறிக்காமல் கேட்பார். அவர் என் பேச்சை மறிக்காமல் கேட்டது அந்த நாட்களில் மட்டும்தான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது புத்தகமோ சாமானோ அல்ல. கதையை எந்த இடத்தில் அளக்கலாம், எந்த இடத்தில் அளக்கக்கூடாது என்ற ஒரு புத்தி. இந்த ஒன்றை மட்டும் நான் சொன்னபடியே நம்புங்கள்.

இப்போது இரண்டு நாட்டு அரசாங்கமும் பேசி, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று எங்களைப் பங்கு போட்டிருக்கிறார்கள். மறுபடி மனுக் கேட்பார்களாம். அந்தோனிமுத்துவின் மகள் ஸ்டெல்லா எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். இங்கேதான் இருப்பேன் என்று எழுதப்போகிறாள். மனுப் பத்திரம் இன்னும் வரவில்லை. ஆனாலும் என் சாட்சிக் கடிதத்தை எழுதி, முந்தாநாள் அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

'இந்தப் பிள்ளை இந்தத் தோட்டத்தில் பிறந்தது. அந்த நேரத்தில் இவளுடைய தகப்பனார் லயத்துக்கு ஓடினார், அவர் திரும்பி வரும்வரை எஞ்சினை நான் பார்த்துக்கொண்டேன்.'

ஸ்டெல்லா தாளைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா மாமா?"

"இவ்வளவுதாம்மா."