கிளட்ச் வாடையும் ஒரு முழம் மல்லியும்

மறைமலைநகரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கிளட்ச் பிளேட் செய்கிறோம். இரும்புத் தட்டின் இரண்டு பக்கமும் வளையம் மாதிரி லைனிங் வைத்து ரிவெட் அடிப்பார்கள். அது கோணல் இல்லாமல் இருக்கிறதா, தடிமன் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. லைனிங்கைச் சூட்டில் வேகவைத்துத் தேய்க்கும் பிரிவு பக்கத்திலேயே இருப்பதால், அந்தக் கருகல் வாடை யூனிபார்ம், தலைமுடி, சாப்பாட்டுப் பை என்று எல்லாவற்றிலும் ஏறிவிடும். சேர்ந்த புதிதில் எனக்கு அது தலைவலியைக் கொடுத்தது. இப்போது அப்படி ஒரு வாடை இருப்பதே என் மூக்குக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் முன்பு எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர். டிரைவருக்குப் பின் சீட்டில் தினமும் உட்கார்ந்து போய்த்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. அதன் பிறகு, அடுத்தவன் வண்டியை எத்தனை நாளைக்கு ஓட்டுவது என்று வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய வேன் வாங்கினார். சவாரியோ லோடோ, எது கிடைத்தாலும் சரி, என் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு, செங்கல்பட்டில் இருக்கும் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போக வேன் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்கும். நான் ஏறி உட்கார்ந்ததும், இலையில் கட்டிய ஒரு முழம் மல்லிகைப் பூவை என் மடியில் போடுவார்.

இந்தப் பூ விவகாரம் சில மாதங்களாகத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒரு புருஷன் தினமும் பூ வாங்கித் தருகிறான் என்றால் சும்மாவா? எங்கள் லைனில் வேலை செய்யும் பெண்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. நானும் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். கொஞ்சமா, நிறையவே.

அந்தச் சமயத்தில்தான் கருங்குழியில் ஒரு சமையல் கான்ட்ராக்டர் எங்கள் வேனைக் கூப்பிட்டார். மாமல்லபுரம் பக்கம் கடற்கரை ஓட்டல்களில் நடக்கும் கல்யாணங்களுக்குச் சமைத்து அனுப்புபவர். ஒரு மாதம் ஓட்டிக் காட்டு, சரியாக வந்தால் எல்லா விசேஷத்துக்கும் உன் வண்டிதான், ஒரே ஒரு பந்தி காத்திருந்தாலும் அதோடு சரி என்று சொல்லிவிட்டார். கையில் இருந்த பஸ் வேலையை விட்டவன் என்று சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த மனிதர் என் வீட்டுக்காரர். இந்த வேலை நிலைக்க வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். வேனைக் குழந்தையைப் போலக் குளிப்பாட்டினார்.

வேன்தான் ஒத்துழைக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், ஆனால் கத்துகிற அளவுக்கு வண்டி ஓடாது. கிளட்ச்சிலிருந்து காலைக் கிட்டத்தட்ட முழுசாக எடுத்த பிறகுதான் நகரும். பாத்திரம் கனம் என்றார். பிறகு டீசல் சரியில்லை என்றார். கடைசியில் கண் திருஷ்டி என்று முடிவுசெய்து எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டினார். கிளட்ச் பிளேட்டோடு குடும்பம் நடத்தும் நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்காதீர்கள். நான் பார்த்ததெல்லாம் புதுப் பிளேட். பிரசவ வார்டு நர்ஸிடம் போய் முட்டிவலிக்கு வைத்தியம் கேட்கலாமா?

அந்த மாதத்தின் கடைசி முகூர்த்தத்தன்று எனக்கு வார விடுமுறை. கடலைப் பார்த்தும் நாளாகிறது என்று நானும் கிளம்பினேன். தலைக்குக் குளித்து, பீரோவில் தூங்கிய பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். விடியும் நேரத்தில் கருங்குழியில் இட்லி, பொங்கல், சாம்பார் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். சமதரையில் ஒரு தொந்தரவும் இல்லை. செங்கல்பட்டு ரயில் மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போக, இவர் கியரைக் குறைத்து மிதித்தார். எஞ்சின் ஊரைக் கூட்டியது. வண்டி ஊர்ந்தது. சைக்கிளில் வேலைக்குப் போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

என் வீட்டுக்காரர் என் பக்கக் கண்ணாடியை இறக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"உன் கம்பெனி வாடை இன்னிக்கி தூக்கலா கீது, அதான்."

"நான் இன்னிக்கி லீவுய்யா. தலைக்கு ஊத்திகினு பட்டுப்பொடவ கட்டிகினு கீறேன். எங்கேர்ந்து வரும் கம்பெனி வாடை?"

அந்த ஏற்றத்திலும் மனிதர் என் தோள் பக்கம் சாய்ந்து மோந்து பார்த்தார். பல வருஷங்களுக்குப் பிறகு என் மூக்கும் அப்போதுதான் விழித்தது. காலடியிலிருந்து சூடாக வந்துகொண்டிருந்தது, லைனிங் கருகும் வாடை. எங்கள் கம்பெனிக்குள் எப்போதும் இருக்கிற வாடை. ஓடுகிற வண்டிக்குள் வரவே கூடாத வாடை.

"யோவ், இது நானில்ல. உன் கிளட்ச்சு," என்றேன்.

எப்படியோ பாலத்தைத் தாண்டி இறங்கி, ஓரமாக நிறுத்தினோம். கைபிரேக்கை இறுக்கிப் பிடித்து, மேல் கியரைப் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டுப் பார்க்கச் சொன்னேன். நல்ல கிளட்ச்சாக இருந்தால் எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். எங்கள் எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் செத்துவிட்டது. முகூர்த்த நாளில் வேறு வேனுக்கு எங்கே போவது? போன் போட்டுப் பார்த்த ஒருவரும் சும்மா இல்லை. பின்னால் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

இருக்கிற லைனிங்கை வைத்துக்கொண்டு போய்ச் சேருவது என்று கிளம்பினோம். அழுத்தி மிதிக்கக் கூடாது, கியரைச் சீக்கிரம் மேலே மாற்ற வேண்டும், முக்கியமாக கிளட்ச் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டக் கூடாது. ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் பஸ் ஓட்டிப் பழகியவரின் இடது கால் அந்தப் பெடல் மேல்தான் குடியிருக்கும். அது பெடல் பக்கம் போகும்போதெல்லாம் முட்டியில் ஒரு தட்டு தட்டினேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கால் அடங்கியது. அப்போதுதான் எனக்கு வேறு ஒன்று உறைத்தது. இத்தனை மாதமும் என் மேல்தான் வாடை என்று நினைத்தாயா என்று கேட்டேன்.

"நீ எறங்கனப்பறமும் வரும். சீட்ல ஒட்டிகினு கீதுன்னு நெனச்சேன்," என்றார். "சொன்னா நீ சங்கடப்படுவ. அதான்..."

"அதான் இன்னா?"

"அதான் பூ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கம்பெனி முழுக்க நான் தம்பட்டம் அடித்த பூ, நாற்றத்துக்கு வாங்கிய பூவா! முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கோபத்திலும் முட்டியைத் தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்டாவைத் திறந்ததும் ஆவி வந்தது. என் வீட்டுக்காரர் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். எதிரே கடல் இருந்தது. நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

காலிப் பாத்திரங்களோடு உருட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்து மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் கியர் பாக்ஸை இறக்கி, பிளேட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். லைனிங் தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன. வருஷக்கணக்காகப் புதிதாய் வழியனுப்பிய சாமான் கடைசியில் இப்படித்தான் ஆகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் புதிதாக மாற்றிவிடலாம் என்றார். புதுப் பிளேட்டை அவர் எடுக்கப் போனபோது, கிரீஸ் கையால் லைனிங்கைத் தொடாதீர்கள் என்று என்னையும் அறியாமல் அதட்டிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சியே செக் பண்ணிக் குடுக்கட்டும்," என்று நகர்ந்துகொண்டார். சுத்தமான துணியால் துடைத்து, சுற்றிப் பார்த்து, பாஸ் என்று கொடுத்தேன்.

சாயங்காலம் பாத்திரங்களை இறக்கக் கருங்குழிக்குப் போகும்போது அதே மேம்பாலத்தில் வேன் சத்தமில்லாமல் ஏறியது. கருகல் துளியும் இல்லை. அவர் சந்தோஷத்தில் ஏதோ பாடிக்கொண்டே ஓட்டினார். வாடை போய்விட்டது, இனிமேல் பூவும் போய்விடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்க ரோஷம் விடவில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்தார். கான்ட்ராக்டர் எல்லா விசேஷத்தையும் எங்களுக்கே கொடுத்துவிட்டாராம். அன்று சாயங்காலமே மாமல்லபுரத்தில் ஒரு வரவேற்பு. லோடு ஏற்றக் கருங்குழி போக வேண்டும், அதனால் கம்பெனி பஸ்ஸில் வந்துவிடு என்றார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனாலும் அன்றைக்குத் தலை காலியாகவே வீட்டுக்குப் போக வேண்டும் என்பது உறுத்தியது.

ஷிப்ட் முடிந்து பஸ் பக்கம் நடந்தபோது கேட்டிலிருந்த செக்யூரிட்டி கூப்பிட்டார். அவர் கையில் ஒரு இலைப் பொட்டலம்.

"உங்க வூட்டுக்காரர் மத்தியானம் வந்து குடுத்துட்டுப் போனாரும்மா. நீங்க பஸ் ஏறுறதுக்குள்ள குடுத்துடணும்னு ரெண்டு தபா சொன்னாரு."

கருங்குழி இருப்பது செங்கல்பட்டுக்குத் தெற்கே. மறைமலைநகர் வடக்கே. பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் மேலும் அதே கருகல் வாடை. பூவை வைத்து வாடையை மறைக்க வேண்டிய மூக்கு ஒன்றுகூட அங்கே இல்லை. நான் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.