தட்டாமல் வந்த அக்கா

எங்கள் காப்பித் தோட்டம் மலைமேல் மஞ்சக்குட்டை போகிற வழியில் இருக்கிறது. காப்பியை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது என்று என் வீட்டுக்காரர் முன்பு தோட்டக் கணக்கெழுதும் ரைட்டர் குடியிருந்த பழைய வீட்டைப் பழுதுபார்த்து, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் இடமாக மாற்றினார்.

பார்ப்பதற்குப் பஞ்சமே இல்லை. குக்குறுவான் குருவி நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தும். நீள வால் ஈப்பிடிப்பான் ஓடையில் குளிக்க வரும். மரநாய் காப்பிப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் பாறைமேல் கழித்துவிட்டுப் போயிருக்கும். இதையெல்லாம் காட்டினால் விருந்தாளிகள் "அப்படியா" என்பார்கள். அடுத்த மூச்சில், "காட்டெருமை எப்ப வரும்?" பலா பழுத்தால் வரும். அதனால் வராந்தாவுக்கு நேர் கீழே சரிவில் இருக்கிற பலாவில் யாரும் பழம் பறிக்கக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் உத்தரவு. விடியலில் வராந்தாவில் காமிராவோடு ஒரு கூட்டம் காத்திருக்கும்.

எங்களுக்குச் சமைக்கிற அக்கா செம்மநத்தம் பக்கத்திலிருந்து அந்தப் பலாவைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த நேரத்தில் இங்கே யாரும் சத்தமில்லாமல் நடக்க மாட்டார்கள். அக்கா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே வருவார். ஆள் வருவது தெரிந்தால் காட்டெருமை ஒதுங்கிவிடும். அதுதான் விருந்தாளிகளுக்கு ஆகவில்லை.

"அக்கா, பலா சீசன் முடியற வரைக்கும் தட்டாம வாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"சரிங்க," என்றார் அக்கா. எனக்குச் சுருக்கென்றது.

ஒரு நாள் அக்கா நேரங்கழித்து வந்தார். புடவையெல்லாம் சேறு, முழங்கையில் சிராய்ப்பு. பலாவடியில் காட்டெருமை நின்றது கீழிருந்து ஏறி வந்தவருக்குப் புதர் மறைவில் தெரியவில்லையாம். பக்கத்தில் போனதும் அது சீறியிருக்கிறது. காப்பிச் செடிக்குள் விழுந்து மூச்சு விடாமல் கிடந்திருக்கிறார். அதே நேரம் வராந்தாவில் எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்கம்மா, அவங்க அதைப் பார்க்கறதுக்கு வர்றாங்க. நான் அதைப் பார்க்காம ஊடு போய்ச் சேர்ந்தாப் போதுமுங்க," என்றார்.

என் வீட்டுக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "அதை வெச்சுத்தானே புக்கிங்கே வருது," என்று முணுமுணுத்தார். அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

மறுநாள் விடியலில் சமையலறையிலிருந்த பெரிய தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அக்கா வரும் பாதையில் இறங்கினேன். வராந்தாவிலிருந்து யாரோ 'உஷ்' என்றார்கள். இன்னும் பலமாகத் தட்டினேன். பலாவடியில் பெரிய உடம்பொன்று புதரை முறித்துக்கொண்டு ஓடியது. இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் நான் அந்தப் பாதையில் நடந்ததே இல்லை.

நின்று மறுபடியும் தட்டினேன். கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு பனிக்குள்ளிருந்து டண், டண் என்று பதில் வந்தது. தட்டக் கூடாது என்று சொன்ன பிறகும் அக்கா தினமும் அந்தத் தட்டைக் கூடையில் வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறார்.