ஓடைக்கரையில் உட்காரவைத்த உபதேசியார்

மேலகரத்துச் சபையில் சுவிசேஷமுத்து உபதேசியாராக இருந்த பதினாறு வருஷத்தில் அவருடைய பிரசங்கம் ஒன்றுகூட யாருக்கும் நினைவில் நின்றதில்லை. நானே பாதியில் தூங்கியிருக்கிறேன். ஆனால் அவரோடு மலையேறியவர்கள் யாரும் அவரை மறக்கவில்லை.

குற்றாலத்து மலையில், செண்பகாதேவி அருவிக்கும் மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. அங்கே வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஜெபம் நடத்த அவர் மாதம் தவறாமல் ஏறிப் போவார். கையில் கம்பு, தோளில் துணிப்பை, பையில் கொஞ்சம் அவல். மழைக்கும் அசைய மாட்டார், அட்டைக்கடிக்கும் அசைய மாட்டார். ஒரு தடவை பெரிய ஊர்ச் சபைக்கு, கூடுதல் சம்பளத்தில் வரச் சொல்லிக் கேட்டார்கள். "அங்கன ஒரு ஏத்தம்கூடக் கிடையாதே, நான் வந்து என்ன செய்ய?" என்று மறுத்துவிட்டார்.

மலையில் அவர் முன்னால் நடக்க மாட்டார். கூட்டத்தில் யாருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்குமோ அவரை முதலில் விட்டுவிட்டு, தாம் கடைசியில் வருவார். "மேய்ப்பன் முன்னாலல்லா போவணும்?" என்று ஒருநாள் அவரைச் சீண்டினேன்.

"முன்னால போனா எனக்குப் பாதை மட்டும்தான் தெரியும் மாப்பிள்ள. பின்னால வந்தா ஆளு தெரியும்" என்றார். இதைப் பிரசங்கத்தில் சொல்லியிருந்தால் நான் விழித்துக்கொண்டிருந்திருப்பேன். ஓடை குறுக்கிட்டால் மட்டும் விறுவிறுவென்று முன்னுக்கு வந்துவிடுவார். அவர் இறங்கச் சொன்ன பிறகுதான் அடுத்தவர் கால் நனையலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் மாமனார் தேவபிச்சை தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், சபையின் மூப்பர். அவர் மகன் சத்தியநேசனுக்குத் தோட்டத்து மேஸ்திரி மகள் ஞானப்பூவைப் பேசி முடித்தவர் உபதேசியார்தான். ஜவுளிக்கடைக்காரன் சம்பந்தம் தேடிக் காட்டுக்குள் போவதா என்று மாமனாருக்கு உள்ளூர மனத்தாங்கல். மகன் ஒற்றைக்காலில் நின்றதால் தலையாட்டினார். ஒரு சாக்குக் கிடைத்தால் கழன்றுகொள்வார் என்று எங்கள் வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும்.

கல்யாணம் பெண் வீட்டுப் பக்கம், தோட்டத்து ஓலைக் கோயிலில், சாயங்காலம் நாலு மணிக்கு. எங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் முந்தின நாளே மேலே போய்விட்டார். இருட்டிவிட்டால் கல்யாணம் நடத்தக் கூடாது என்பது சபைச் சட்டம். நாங்கள் இருபது பேர் விடிந்ததும் புறப்பட்டோம். ஆர்மோனியப் பெட்டி வீட்டு மருமகன் தலையில், அதாவது என் தலையில். அதைப் பற்றி இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு.

மதியத்துக்கு மேல் கடைசி ஓடைக்கு வந்தோம். அதைத் தாண்டிவிட்டால் தோட்டம். தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருக்கும். தலைக்கு மேலே வெயில் பளிச்சென்று அடித்தது. உபதேசியார் முன்னுக்கு வந்தார். தண்ணீரைப் பார்த்தார். வழக்கமாக அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். அன்றைக்குச் செம்மண் நிறம் ஏறி, சருகும் குச்சியுமாக மிதந்து வந்தது.

"எல்லாரும் மேட்டுல ஏறி உக்காருங்க" என்றார். "மலைக்கு மேல மழை கொட்டுது. திடீர்னு வெள்ளம் வந்தாலும் வரும். தண்ணி தெளியட்டும்."

மாமனார் சிரித்தார். "வே, குழந்தைகூட நடந்து போயிருமே. உமக்கு விசுவாசம் இருக்கா இல்லையா? செங்கடலையே பொளந்த ஆண்டவருக்கு இந்த ஓடை ஒரு பெருசா?"

"பொளந்தாரு அண்ணாச்சி. ஆனா தண்ணி விலகுன பொறவுதான் மோசே ஜனங்கள எறக்குனாரு. இதுவும் விலகட்டும், மொத ஆளா நான் எறங்குதேன்."

எல்லாரும் சிரித்துவிட்டோம். மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினோம். நான் பெட்டியை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

காத்திருந்தோம். கலங்கல் அப்படியே ஓடியது. ஒரு விரல்கூட ஏறவில்லை. மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. வெள்ளமும் வரவில்லை, வெள்ளத்தின் சத்தமும் வரவில்லை. ஐந்து மணிக்கு மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னைக்கு நடக்காத கல்யாணம் இனி என்னைக்கும் நடக்காது. எந்திரிங்கலே, ஊருக்குப் போவோம்."

உபதேசியாரின் முகம் வெளுத்தது. ஒரு ஏழைப் பெண்ணுக்கு அவரே கூட்டிவைத்த கல்யாணத்தை அவரே குலைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், இருபது பேரும் ஒரு நொடியில் அக்கரைக்குப் போயிருப்போம். அவர் சொல்லவில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"நீங்க போங்கப்பா. நான் உபதேசியார்கூட இங்கனயே இருக்கேன்" என்றான் சத்தியநேசன். மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணக் கூட்டம் எப்படி ஊருக்குத் திரும்பும்? மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கினார். கொஞ்சம் கீழே வனக்காவலர் கொட்டகை இருந்தது. அதில் எல்லாரும் முடங்கினோம்.

காலையில் தண்ணீர் தெளிந்துவிட்டது, கூழாங்கல் தெரிந்தது. உபதேசியார் முதலில் இறங்கினார். வேட்டிகூட நனையாமல் தாண்டினோம். அது மாமனாரின் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

ஓலைக் கோயிலுக்குள் நுழைந்ததும் ஐயரிடம் முறையிட்டார். "வெள்ளமும் வரல, ஒரு மண்ணும் வரல. இவரு பயத்துக்கு எம் மானம் போச்சு. இதுக்கு ஒரு வழி சொல்லிட்டுக் கல்யாணத்த நடத்துங்க. இல்லாட்டி பையனக் கூட்டிட்டு நான் போறேன்."

ஐயர் உபதேசியாரைப் பார்த்தார். "தப்புப் பண்ணிட்டேன்னு நினைக்கிறீரா?"

"வெள்ளம் வரும்னு நெனச்சது தப்புத்தான் ஐயா" என்றார் உபதேசியார். "உக்கார வச்சது தப்பு இல்ல. நாளைக்குத் தண்ணி இப்படிக் கலங்கி வந்தா, நாளைக்கும் உக்கார வப்பேன். இருவது உசிரு எங்கையில இருந்தது."

"பாத்தீங்களா, திமிர!" என்றார் மாமனார்.

அப்போது முக்காட்டுக்குள்ளிருந்து ஞானப்பூ பேசினாள். மணப்பெண் வாய் திறக்கக் கூடாத இடம். அவளுடைய அம்மா கையைப் பிடித்து இழுத்தும் அவள் நிறுத்தவில்லை.

"மாமா, நேத்துக் காலையில தண்ணி எடுக்கப் போனப்பவே ஓடை கலங்கிருச்சு. நீங்கள்லாம் எறங்கிரக் கூடாது, எங்கயாவது உக்காந்துரணும்னு பொழுது அடையுத வரைக்கும் முழங்கால்லயே நின்னேன். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும் ஆண்டவரே, அவங்க வர வேண்டாம்னுதான் கேட்டேன்."

உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். என் மாமனார் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நின்னுட்டே இருந்தா எப்படி வே?" என்றார் உபதேசியாரிடம். "போயி மணிய அடியும். எம் மருமவ எவ்வளவு நேரந்தான் காத்திருப்பா?"