குத்தாமல் வைத்திருந்த காது

பத்து வயது வரை எனக்குக் காது குத்தவில்லை. நாகமலைக்கு மேற்கே எங்கள் ஊரில் அதை யாரும் வறுமை என்று நினைப்பதில்லை, முன்யோசனை என்பார்கள். காதுகுத்து வைத்தால் பந்தல் போட்டு ஊரையும் உறவையும் அழைக்கலாம். அழைத்தால், அதுவரை பிறர் வீட்டு விசேஷங்களில் நாம் செய்த மொய்யெல்லாம் ஒரே நாளில் திரும்பி வரும். ஆகவே, பெரிய தேவை வரும்வரை ஒரு பிள்ளையின் காதையாவது விட்டுவைப்பார்கள். எங்கள் வீட்டில் அது என் காது.

அந்தத் தேவை அண்ணனின் படிப்பாக வந்தது. பி.ஏ. முடித்திருந்த அவனுக்குச் சென்னையில் குற்றவியல் முதுகலையில் இடம் கிடைத்தது. கட்டணமும் விடுதிச் செலவும் எங்கள் கிணற்றுப் பாசனத்தின் சக்திக்கு மீறியவை.

"படிச்சு முடிச்சா என்ன உத்தியோகம்?" என்று அப்பா கேட்டார்.

"நன்னடத்தை அலுவலருப்பா. மொதத் தடவை தப்புப் பண்ணுனவங்கள ஜெயிலுக்கு அனுப்பாம கோர்ட்டு வெளிய விடும். அவங்கள நாங்க பாத்துக்கிறணும்."

"போலீசா?"

"போலீசு இல்லப்பா."

"சம்பளம் எம்புட்டு?"

"வாத்தியாருக்கு வர்ற அளவு வரும்."

"வாத்தியாரு சம்பளத்துக்கு மெட்ராசு வரைக்கும் போகணுமாக்கும்" என்றாள் அம்மா.

அப்பா வெகுநேரம் யோசித்தார். "கோர்ட்டுங்குறான், ஜெயிலுங்குறான். போலீசாத்தேன் இருக்கும். அவனுக்குச் சொல்லத் தெரியல" என்று முடிவுக்கு வந்தார். என் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன வீடுகளிலெல்லாம் அதுவே செய்தியாயிற்று. அண்ணன் மறுத்தபோது அதை அடக்கம் என்று பாராட்டினார்கள்.

எல்லோரையும்விட அதிகம் செய்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. ஒத்தக்கடைக்கு அப்பாலிருந்து வண்டி கட்டிக் கிடாயும் சீர்த்தட்டுகளும் கொண்டுவந்தார். கூடவே எனக்கொரு தங்கத்தோடு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். என் கால்கள் தரையில் முட்டின.

"அக்கா, இவ மடியில நான் உக்காந்தாத்தேன் பொருத்தமா இருக்கும் போல" என்றார். பந்தலே சிரித்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் என் கண்களை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "பொறுத்துக்க. எல்லாம் எம் மாப்ள இன்ஸ்பெக்டர் ஆகத்தேன்" என்றார். அந்தக் கையில் புகையிலை மணத்தது.

அண்ணன் படித்து முடித்தான். வேலைக்கு உத்தரவு வரச் சில ஆண்டுகள் ஆயின. வந்தபோது மதுரையிலேயே வந்தது. சொன்னபடி வாத்தியார் சம்பளந்தான். விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ் பிடித்துவிட்டதென்று உறவினர் வந்து நிற்பார்கள். தன் வேலை வேறு என்று அவன் விளக்குவான். காபியைக் குடித்துவிட்டு, நம்பாமல் போவார்கள். நான் கல்லூரியில் இலக்கியம் எடுத்தபோது அதற்கு என்ன உத்தியோகம் என்று அப்பா கேட்கவில்லை. உதவித்தொகை கிடைத்ததால் பிழைத்தேன். குத்துவதற்கு வீட்டில் வேறு காது இல்லை.

அந்த ஆண்டுதான் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மாமாவின் மகன் பக்கத்து வயல்காரரை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டான். அவருக்குக் கை முறிந்தது. குற்றம் உறுதியாயிற்று. இளம் வயது, முதல் குற்றம் என்பதால், அவனை வெளியே விடலாமா என்று நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோர்ட்டு கேட்டது. கோப்பு அண்ணனிடமே வந்தது.

மாமா விடியற்காலை பஸ்ஸில் வந்தார். "மாப்ள, பொய் எழுதச் சொல்லல. ஒனக்கு அவனத் தெரியும். தெரிஞ்சத எழுது, போதும்."

"சொந்தக்காரங்களுக்கு நான் எழுதக் கூடாது மாமா. வேற ஆபீசருக்கு மாத்தி விட்ருக்கேன். அவரு நல்லவரு."

"அவருக்கா மொய் செஞ்சேன்?"

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

அந்த அலுவலர் ஊருக்கு ஒரு முறை போனார். அவர் கண்ணில் பட்டவர்கள் பங்காளிகள். மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கேட்டதை எழுதினார். மாமா மகன் சிறைக்குப் போனான். அண்ணன் எழுதியிருந்தால் உண்மையைத்தான் எழுதியிருப்பான். அந்த உண்மை மாமா மகனை வெளியே விட்டிருக்கும். இதை அண்ணனும் அறிவான்.

அடுத்த தை மாதம் அப்பா இறந்தார். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிச்சேலை கொண்டுவந்து போர்த்துவது வழக்கம். மற்ற யார் கொடுத்தாலும் அது கோடி ஆகாது. மாமாவுக்கு ஆள் போயிருந்தது. அவருக்காகவே பாடையைத் தூக்காமல் வைத்திருந்தார்கள். மாமா ஊர்ப் பக்கத்து ஆட்கள் யாராவது தெருவில் நுழைந்தால் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். வெயில் சாயத் தொடங்கியதும் ஒரு பெரியவர், "இன்னி யாரும் வரப்போறதில்ல. தூக்குங்கப்பா" என்றார்.

எல்லோரும் போனபின் அம்மா பழைய சேலையிலேயே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அருகில் போய், "இந்தத் தோட்டைக் கழட்டிரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் கை நீட்டி என் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேணாம். அது அவன் மடியில உக்காந்து போட்டது. கெடக்கட்டும்" என்றாள்.

மயானத்திலிருந்து திரும்பிய அண்ணன் ஈர வேட்டியோடு வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.